முதலாவது பக்கட்டில் இருந்தது என்ன?



கொஞ்சம் நீளமான பதிவு. சின்னப் பிள்ளைகள் உள்ள வீடுகளில் நேரம் கிடைக்கும்போது வாசியுங்கள். வெளிநாட்டில் இருந்து லீவில் வரும் வாப்பாமார் கட்டாயம் வாசியுங்கள்.

"நாங்கள்" என்று எழுதுவது தரம் நான்கின் இரண்டு வகுப்பாசிரியைகளையும்தான். ஒரே கல்வியியல் கல்லூரியில் ஒரே பேட்சில் படித்து வெளியே வந்தவர்கள். இப்போது பக்கத்துப் பக்கத்து வகுப்பு. நடுவில் அரைச்சுவர் மட்டும் என்பதால் ஒரு வகுப்பில் நடப்பது மற்ற வகுப்புக்கும் கேட்கும். அதனால் இதில் நடந்த நல்லதிலும் பிழையிலும் இரண்டு பேருக்கும் பங்கு இருக்கிறது.

போன தவணையில் ஒரு திங்கட்கிழமை காலை. எங்கள் மகன் ஒருவர் ஒரு பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார். கட்டாரில் வேலை செய்யும் வாப்பா லீவில் வந்திருக்கிறார். அவர் கொண்டுவந்த சாமான். வீட்டில் வைத்தால் தங்கச்சி கொட்டிவிடுவாள் என்று உம்மா டீச்சரிடம் கொடுக்கச் சொன்னாராம்.

பெட்டியில் ஒரு படம். கோட்டை ஒன்றுக்கு முன்னால் கிரீடம் வைத்த, இளஞ்சிவப்பு நிற ராஜா, ராணி, பிள்ளைகள். மனிதர்கள் மாதிரிச் சிரிக்கிறார்கள். வால் மட்டும் வேறு. உள்ளே ஒரு சின்ன பிளாஸ்டிக் தொட்டியும் இலக்கம் போட்ட மூன்று பக்கட்டும். ஒன்று, தண்ணீரைச் சுத்தம் செய்வது. இரண்டு, முட்டை. மூன்று, தீனி. முதலாவது பக்கட்டைப் போட்டு ஒரு நாள் பொறுக்க வேண்டும். பிறகு இரண்டாவதைப் போட்டால் கண் முன்னாலேயே உயிர் வரும் என்று எழுதியிருந்தது.

சுற்றாடல் பாடத்துக்கு இதைவிட என்ன வேண்டும்? திங்கட்கிழமை முதலாவது பக்கட்டைப் போட்டு ஜன்னல் ஓரம் வைத்தோம். செவ்வாய்க்கிழமை இடைவேளைக்கு முன் இரண்டு வகுப்புப் பிள்ளைகளையும் ஒன்றாக நிற்க வைத்து இரண்டாவதைப் போட்டோம். தண்ணீர் இலேசாக நீலமானது. டோர்ச் அடித்தோம். வெள்ளைப் புள்ளிகள் துடித்துத் துடித்து நீந்தின. பிள்ளைகள் போட்ட சத்தத்தில் அதிபர் காரியாலயத்தில் இருந்து எழும்பி வந்தார்.

"பாருங்க, பாருங்க, உடனே உயிர் வந்துட்டு!" என்று சொன்னது நாங்கள்தான்.

அப்போது முன் வாங்கில் இருக்கும் மகள் ஒருவர் கேட்டார். "டீச்சர், கோழி முட்டை பொரிக்க இருபத்தொரு நாள் போகும்னு நீங்கதானே சொன்னீங்க. இது எப்பிடி ஒரு செக்கன்ல பொரிச்சுது?"

"இது அப்பிடித்தான் மகள். வேற சாதி."

அந்தப் பதில் எங்களுக்கே ஒட்டவில்லை. பெல் அடித்தது, தப்பினோம்.

இரவு பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டு இரண்டு பேரும் போனைத் தட்டித் தேடினோம். இந்த வகைப் பெட்டிக்கு மூலம் அமெரிக்காவில் இருக்கிறது. ஹரோல்ட் வொன் பிரோன்ஹட் என்பவர், மீன்களுக்குத் தீனியாக விற்ற உப்புநீர் இறாலைப் பிள்ளைகளுக்கான செல்லப்பிராணியாக்கினார். ஆட்டீமியா என்பது அதன் விஞ்ஞானப் பெயர். 1960 இல் "இன்ஸ்டன்ட் லைஃப்", அதாவது உடனடி உயிர், என்ற பெயரில் 49 சதத்துக்கு விற்கத் தொடங்கினார். 1962 இல் "சீ மங்கி" என்று பெயரை மாற்றினார், கடல் குரங்கு. வால் குரங்கு வால் மாதிரி என்று ஒரு சாக்கு. சித்திரக்கதைப் புத்தகங்களில் கிரீடம் வைத்த குடும்பத்தின் படத்தோடு விளம்பரம் போட்டு ஏராளமாக விற்றார். எங்கள் மகனின் பெட்டியில் பெயர் வேறு. வகை அதேதான்.

ஒரு செக்கனில் பொரித்த இரகசியமும் அங்கேதான் இருந்தது. தண்ணீரைச் சுத்தம் செய்வது என்று சொல்லி முதலாவதாகப் போடும் பக்கட்டிலேயே உப்போடு முட்டையும் இருக்கிறது. நாங்கள் பொறுத்திருந்த அந்த ஒரு நாளில் அது பொரித்துவிட்டது. குஞ்சு தூசி அளவு என்பதால் கண்ணுக்குப் பிடிபடவில்லை. இரண்டாவது பக்கட்டில் உள்ள சாயம் அதை எடுத்துக் காட்டியது. அவ்வளவுதான்.

வெட்கமாகப் போய்விட்டது. வித்தைக்காரன் ஒருவனுக்குத் தொப்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற மாதிரி இருந்தது. அதிலும் உயிர் விஷயத்தில். உயிரைக் கொடுப்பவன் அல்லாஹ் என்று காலையில் துஆ ஓத வைத்துவிட்டு, இடைவேளைக்கு முன் பக்கட்டை வெட்டி "உடனே உயிர்" என்று கத்தியிருக்கிறோம்.

பிள்ளைகளிடம் சொல்வதா, விடுவதா? எங்களுக்குள் கருத்து வேறுபாடு வந்தது. ஒருவர் சொன்னார், "வாப்பா ஞாயிறு திரும்பிப் போறார். அவர் ஆசையாக் கொண்டந்த சாமான். பெட்டியில பொய் இருக்குன்னு அந்தப் பிள்ளைக்கு இப்ப ஏன் சொல்லணும்?" மற்றவர் கேட்டார், "நாளைக்கு அந்த மகள் திரும்பக் கேட்டா?" கடைசியில் ஒரு வாரம் பொறுப்போம் என்று முடிவு செய்தோம். அது நல்ல மனதோடு எடுத்த முடிவு. பிழையான முடிவு.

புதன்கிழமை பிள்ளைகள் வரிசையில் நின்று கைவில்லையால் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். கடைசி வாங்கு மகன் ஒருவரின் முறை வந்தது. அவருடைய வாப்பா முந்தல் பக்கம் இறால் ஹெச்சரி ஒன்றில் வேலை செய்கிறார். பார்த்த உடனே சொன்னார்.

"டீச்சர், இது ஆட்டீமியா. எங்கட வாப்பாட ஹெச்சரியில டின் டின்னா இருக்கு. இறால் குஞ்சுக்குப் போடுற தீனி."

ஒரு நிமிடம் அமைதி. பிறகு யாரோ, "அவன்ட வாப்பா கட்டார்ல இருந்து இறால் சாப்பாடு கொண்டந்திருக்கார்!" என்றார்கள். வகுப்பே சிரித்தது. அரைச்சுவருக்கு அந்தப் பக்கமும் சிரித்தது.

பெட்டிக்காரப் பிள்ளை அழவில்லை. தலையில் இருந்த தொப்பியைக் கழற்றித் தொட்டியை மூடினார். இடைவேளைக்கும் வெளியே போகாமல் அதன் பக்கத்திலேயே இருந்தார்.

முதல் நாளே நாங்கள் உண்மையைச் சொல்லியிருந்தால் இந்தச் சிரிப்பு வந்திருக்காது. அன்று பின்னேரம் ஹெச்சரியில் வேலை செய்யும் அந்த வாப்பாவுக்குக் கோல் எடுத்தோம். மறுநாள் காலை ஏழு மணிக்கு மோட்டார் சைக்கிளில் கேட்டடிக்கு வந்தார். மருந்துப் போத்தல் ஒன்றில் மண்ணிறத் தூள் கொஞ்சம் கொண்டுவந்தார்.

"டின் ஒன்டு 425 கிராம் டீச்சர். அமெரிக்காவுல பெரிய உப்பு ஏரி ஒன்டு இருக்கு, அதுலதான் கூட அள்ளுறது. ஒரு கிராம்ல ரெண்டு லட்சத்துக்கு மேல முட்டை. கொஞ்சமாப் போடுங்க. பொரிச்ச அன்டைக்குத் தீனி போடாதீங்க."

பிறகு ஹெல்மட்டைப் போட்டுக்கொண்டே சொன்னார், "என்ட மகன் சொன்னதால அந்தப் பிள்ளைக்கு மனவருத்தம் வந்தது எனக்கும் கவலைதான். ஆனா டீச்சர், அவன் சொன்னது பொய் இல்ல. அவனுக்கு ஏச வேணாம்."

நாங்கள் ஏசியிருந்தோம். புதன்கிழமையே. அந்தப் பிள்ளையிடமும் மன்னிப்புக் கேட்கவேண்டிய கணக்கு சேர்ந்தது.

வியாழக்கிழமை காலை வகுப்பில் புதிதாகத் தொடங்கினோம். பெட்டி இல்லை, இலக்கம் போட்ட பக்கட் இல்லை. ஒரு லீற்றர் கிணற்றுத் தண்ணீர், எங்கள் ஊர் கல்லுப்பு இரண்டு மேசைக்கரண்டி, தூள் கால் தேக்கரண்டி, வெட்டிய சோடாப் போத்தல் ஒன்று. வெயில் வெளிச்சம் படும் இடத்தில் வைத்தோம். ஹெச்சரிக்காரர் மகன்தான் அன்றைக்கு டீச்சர். காற்றுப் போவதற்காக இடைக்கிடை ஸ்ட்ரோவால் ஊத வேண்டும் என்று சொல்லித் தந்தவரும் அவர்தான். ஒவ்வொரு பாடமும் முடிய ஒருவர் போய்ப் பார்த்துக் கொப்பியில் எழுத வேண்டும். "தூள் மிதக்குது." "தூள் மிதக்குது." "கொஞ்சம் அடியில போயிட்டு." வீட்டுக்குப் போகும் வரை வேறொன்றும் எழுதக் கிடைக்கவில்லை. சில பேருக்கு அலுத்துவிட்டது.

வெள்ளிக்கிழமை காலை ஏழே கால் மணிக்கு எங்களுக்கு முன்னாலேயே பிள்ளைகள் வகுப்பில். போத்தலின் ஒரு பக்கம் டோர்ச் அடித்ததும் செம்மஞ்சள் நிறப் புகை மாதிரி ஒன்று வெளிச்சத்தைத் தேடி நகர்ந்து வந்தது. ஆயிரக்கணக்கில். ஒவ்வொன்றும் அரை மில்லிமீற்றரும் இல்லை.

கோழி முட்டைக் கணக்குக் கேட்ட மகள் கொப்பியைப் பார்த்துச் சொன்னார், "அப்ப ஒரு செக்கன் இல்ல டீச்சர். இதுக்கும் ஒரு நாள் போயிருக்கு."

அப்போது பெட்டிக்காரப் பிள்ளை எழும்பி நின்றார். புதன்கிழமைக்குப் பிறகு அவர் வாய் திறந்தது அப்போதுதான்.

"டீச்சர், அப்ப என்ட தொட்டியில நீந்தினது ரெண்டாவது பக்கட் முட்டை இல்ல. முதலாவது பக்கட்டுல இருந்த முட்டை. தண்ணி சுத்தம் பண்றதுன்னு போட்டோமே, அது."

வகுப்பில் ஒரு சத்தமும் இல்லை. சொல்லிக் கொடுக்காமல், தானாகப் பிடித்துவிட்டார். 1960 முதல் உலகமெங்கும் எத்தனை பிள்ளைகள் ஏமாந்த வித்தை அது. எங்கள் சந்தோஷம் முகத்துக்கு வர முன்னரே அடுத்த கேள்வி வந்தது.

"உங்களுக்குத் தெரியுமா டீச்சர்?"

"தெரியும் மகன். செவ்வாய்க்கிழமை இரவு தெரியும். உங்களுக்குக் கவலையா இருக்கும்னு சொல்லல்ல. அது எங்கட பிழை."

இரண்டு வகுப்புக்கும் முன்னால் மன்னிப்புக் கேட்டோம். அவரிடமும், ஏச்சு வாங்கிய பிள்ளையிடமும். கல்லூரியில் எங்களுக்குப் பாடக்குறிப்பு எழுதப் பழக்கினார்கள், கரும்பலகையில் எழுதப் பழக்கினார்கள். பிள்ளைகளுக்கு முன்னால் நின்று "நாங்கள் மறைத்தோம்" என்று சொல்வதற்கு அங்கே ஒரு பாடமும் இருக்கவில்லை.

"வாப்பாக்குத் தெரியுமா?"

"தெரியாது மகன். பெட்டியில எழுதியிருந்ததை அவர் நம்பி வாங்கியிருக்கார்."

கொஞ்சம் யோசித்தார். "அப்ப நான்தான் வாப்பாக்குச் சொல்லிக் கொடுக்கணும்" என்றார். அன்று தொட்டியை அவரே வீட்டுக்குக் கொண்டுபோனார்.

இந்தக் கதை இங்கே முடிந்திருந்தால் நல்லது. முடியவில்லை.

வெள்ளி என்பதால் பாடசாலை சீக்கிரம் விட்டது. ஜும்ஆவுக்குப் போகும் அவசரத்தில் பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து போத்தலுக்கு ஈஸ்ட் ஒவ்வொரு சிட்டிகை போட்டார்கள். சனி, ஞாயிறு பசி கிடக்கும் என்ற இரக்கம். நாங்கள் பார்த்துக்கொண்டு நின்றோம். பொரித்த அன்று தீனி போடாதீங்க என்று அந்த வாப்பா சொன்னது ஞாபகத்துக்கு வரவில்லை. பொரித்த குஞ்சு முதலில் உடம்பில் உள்ள மஞ்சட்கருவில்தான் வாழும், அதற்கு அந்நேரம் சாப்பிட வாயே திறந்திருக்காது. போட்டதெல்லாம் அழுகி, தண்ணீரில் இருந்த ஒட்சிசன் தீர்ந்துவிட்டது.

திங்கட்கிழமை கதவைத் திறக்கும்போதே நாற்றம். தண்ணீர் பால் மாதிரி. ஒன்றும் அசையவில்லை.

"எத்தனை செத்திருக்கும் டீச்சர்?"

கணக்கைக் கரும்பலகையில் போட்டோம். ஒரு கிராமில் இரண்டு லட்சத்துக்கு மேல் என்றால் கால் தேக்கரண்டியில் ஒரு லட்சத்துக்குக் குறையாது. ஒன்றுக்குப் பின்னால் ஐந்து பூச்சியம் எழுதியபோது ஒரு மகள் வாயைப் பொத்திக்கொண்டார். எங்கள் ஊர்ச் சனத்தொகையை விடக் கூட.

"பாவமா டீச்சர்?"

பூனையைக் கட்டிவைத்துச் சாப்பாடு கொடுக்காத பெண்ணின் ஹதீஸ் அவர்களுக்கு இஸ்லாம் பாடத்தில் படித்த ஞாபகம். ஒருவர் உடனே, "நாங்க சாப்பாடு கூடத்தானே குடுத்தோம்" என்றார். தெரியாமல் நடந்ததும் வேண்டுமென்று செய்வதும் ஒன்றல்ல என்று சொன்னோம். தெரிந்த பிறகும் அதே மாதிரிச் செய்தால்தான் பிழை என்று சொன்னோம். ஹெச்சரியில் இறாலுக்குப் போடுவது அப்படியென்றால் சரியா என்று இன்னொருவர் கேட்டார். பதில் எங்களிடம் இருந்து வரவில்லை. கடைசி வாங்கில் இருந்து வந்தது.

"எங்கட வாப்பா அந்தந்த நாளுக்குத் தேவையானதைத்தான் அளந்து பொரிக்க வைப்பார். வீணாக்க மாட்டார்."

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

இரண்டாம் தடவை பல்லுக்குத்தும் குச்சி நுனியில் ஒட்டிய அளவு மட்டும் போட்டோம். அதுவே நூற்றுக்கணக்கில் பொரித்தது. பெருநாள் போத்தல் மாதிரி அலங்காரம் ஒன்றும் செய்யவில்லை. வெயில் பட்டுத் தண்ணீரில் இலேசாகப் பச்சை பிடித்தது. அந்தப் பாசியே தீனி. மூன்று நான்கு கிழமையில் மிஞ்சியவை ஒரு சென்டிமீற்றர் அளவுக்கு வளர்ந்தன.

பெட்டிப் படத்தில் கிரீடம் வைத்த ராஜா. நிஜத்தில் இருந்தது என்ன தெரியுமா? வயிற்றை வெளிச்சத்துப் பக்கம் திருப்பி, மல்லாந்தபடி நீந்தும் ஒரு ஜீவன். பதினொரு சோடி கால். அந்தக் கால்களால்தான் நீந்தும், சாப்பாட்டை வடித்து எடுக்கும், மூச்சும் விடும். கண் மூன்று. இரண்டு பக்கத்தில், பிறக்கும்போது இருந்த ஒன்று நடுவில். மீன் வாழ முடியாத கடும் உப்புத் தண்ணீரில் வாழும், ஏனென்றால் மீன் வந்தால் தப்ப அதற்கு வேறு வழி இல்லை. காலம் நன்றாக இருந்தால் குஞ்சாகவே பெறும். தண்ணீர் வற்றி உப்பு ஏறினால் தடித்த ஓடுள்ள முட்டையாக இடும். அந்த முட்டை காய்ந்து, உள்ளே எல்லா இயக்கமும் நின்று, வருடக்கணக்கில் கிடக்கும். தண்ணீர் பட்டால் விட்ட இடத்தில் இருந்து தொடங்கும். 1972 இல் அப்பல்லோ 16 இல் சந்திரன் வரை கொண்டுபோன சாமான்களில் இந்த முட்டையும் இருந்தது.

இதைச் சொன்னபோது பிள்ளைகள் செவ்வாய்க்கிழமை போட்ட சத்தம் போடவில்லை. கேள்வி கேட்டார்கள். ஒரு பாடவேளை முழுக்க.

பெட்டிக்காரப் பிள்ளையின் வாப்பா அந்த ஞாயிறு போய்விட்டார். போக முன் சனிக்கிழமை இரவு, கரண்டை அணைத்துவிட்டு, மகன் டோர்ச் அடித்து முதலாவது பக்கட்டின் கதையைச் சொல்லிக் கொடுத்தாராம். உம்மாதான் பிறகு எங்களிடம் சொன்னார். "அவர் கோவப்படல்ல டீச்சர். நல்லாச் சிரிச்சார். 'இதை நீயே கண்டுபிடிச்சியா'ன்னு நாலு தரம் கேட்டார்."

அந்தத் தொட்டியில் ஏழு வளர்ந்தன. அதில் ஒரு சோடியை ஜேம் போத்தலில் போட்டுக் கடைசி வாங்குக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார். எங்களிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் வேறென்ன சொல்லப்போகிறோம்.

பெற்றோரே, இந்த மாதிரிப் பெட்டி வாங்குவதைப் பிழை என்று சொல்ல வரவில்லை. வாங்கினால் சில விஷயம். தூளை நுனிவிரலில் ஒட்டும் அளவுக்கும் குறைவாகப் போடுங்கள். முதல் நாள் தீனி வேண்டாம், பிறகும் தண்ணீர் தெளிந்தால் மட்டும் கொஞ்சம். குழாய்த் தண்ணீர் என்றால் ஒரு நாள் திறந்து வைத்து எடுங்கள். தண்ணீர் வற்றினால் உப்புத் தண்ணீர் விடாதீர்கள், நல்ல தண்ணீர் விடுங்கள், ஏனென்றால் உப்பு ஆவியாகிப் போவதில்லை. நேர் வெயிலில் சின்னத் தொட்டியை வைத்தால் வெந்துவிடும். அலுத்துப் போனால் களப்பிலோ கிணற்றிலோ ஊற்றாதீர்கள்.

முக்கியமானது இதுதான். பிள்ளையை ஒரு நாள் காத்திருக்க வைக்கும்போது, எதற்காகக் காத்திருக்கிறோம் என்பதைச் சொல்லுங்கள். முட்டை உள்ளே இருக்கிறது, பொரிக்க நேரம் வேண்டும் என்று சொல்லுங்கள். அதைக் கேட்டு எந்தப் பிள்ளையும் வேண்டாம் என்று எழும்பிப் போகவில்லை. எங்கள் இரண்டு வகுப்பிலும் எழுபத்திரண்டு பேர், ஒருவர்கூடப் போகவில்லை.

ஜன்னல் ஓரம் இப்போதும் ஒரு போத்தல் இருக்கிறது. காலையில் டோர்ச் அடிப்பதற்கு முறை வைத்திருக்கிறோம். இன்ஷா அல்லாஹ், பார்க்க ஆசைப்படும் பெற்றோர் பிள்ளையைக் கூட்டிப்போக வரும்போது ஐந்து நிமிடம் முன்னதாக வாருங்கள். விளக்கம் சொல்ல நாங்கள் தேவைப்பட மாட்டோம். கடைசி வாங்கில் ஒருவரும் அவருக்குப் பக்கத்தில், இப்போது இடம் மாறி, இன்னொருவரும் இருக்கிறார்கள்.